பெயர் எழுதாத உறை: வடசென்னை மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னை மருந்துக் கடை உரிமையாளர்களுக்கும், கடைமேசைக்குப் பின்னால் நாள் முழுக்க நிற்கும் தம்பி தங்கைகளுக்கும், ஒரு பழைய மருந்தாளுநரின் வணக்கம்.

போன ஐப்பசியில் ஒரு இரவு, மணி ஒன்றே முக்கால் இருக்கும். அவசர சிகிச்சைப் பிரிவில் என் அக்காவைப் படுக்க வைத்திருந்தார்கள். இரண்டு நாளாகக் காய்ச்சல், வாந்தி. பேச்சு குழறியது. கை கால் சில்லிட்டிருந்தது. இரத்த அழுத்தம் 80-க்கு 50. பணியில் இருந்த மருத்துவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "அம்மா தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள்?" என்று என்னைக் கேட்டார். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, அவர் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள், அக்காவின் மருமகள் சுருக்குப்பையை எடுத்து நீட்டினாள். உள்ளே வெற்றிலை, பாக்கு, மடித்த இருபது ரூபாய் நோட்டு இரண்டு, ஒரு சின்னக் காகித உறை.

உறையில் நான்கு மாத்திரைகள். ஒன்று அட்டையிலிருந்து கத்தரித்தது. அந்தத் துண்டில் பெயரின் கடைசி இரண்டு எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. ஒன்று மஞ்சள். ஒன்று வெள்ளை, பெரியது. நான்காவது உளுந்தம் பருப்பை விடச் சற்றே பெரிதான ஒரு வெள்ளைப் பொட்டு. உறையின் மேல் காலை, மதியம், இரவு என்று அச்சிட்டிருந்த கட்டங்களில் பேனாவால் ஒரு கீறல். வேறு எழுத்து இல்லை. முப்பத்தொரு வருடம் அரசு மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவன் நான். அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு, இது இன்ன மருந்து என்று சொல்ல முடியாமல் நின்றேன்.

அந்த மருத்துவர் என்னை விடக் கூர்மையானவர். அக்காவின் முகத்தைப் பார்த்தார். முன்கையில் ஆங்காங்கே கன்றிப்போயிருந்த தோலைத் தடவிப் பார்த்தார். உட்காரும்போதும் எழும்போதும் கையை ஊன்றித்தான் எழுகிறாரா என்று மருமகளிடம் கேட்டார். உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியும் சலைனும் ஏற்றச் சொன்னார். விடிவதற்குள் அக்கா கண் திறந்து, "ஏலம் முடிந்துவிட்டதா?" என்று கேட்டார். காசிமேட்டில் அதிகாலை மீன் ஏலத்துக்குப் போகவேண்டிய நேரத்தைத் தவறவிட்ட கவலை அவருக்கு.

அவரது சீட்டில் மருத்துவர் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: மருந்தால் வந்த அட்ரினல் செயலிழப்பு. கிருமியாலோ பரம்பரையாலோ வந்ததன்று. மருந்தால் வந்தது. ஆறு வருடமாக, எங்கள் தெருமுனையில் ஒரு கடையில் வாங்கிய "செட்டு" மாத்திரையால், அதாவது சீட்டில்லாமல் பல மாத்திரைகளை ஒரே உறையில் சேர்த்துக் கொடுப்பதால் வந்தது.

அது எந்தக் கடை என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் கடைத் தம்பி கெட்டவரில்லை. அக்காவை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். காசு குறைந்தால் நாளைக்குக் கொடுங்கள் என்பார். மழை நாளில் பேரனிடம் உறையைக் கொடுத்தனுப்புவார். அவர் கொடுத்ததைத்தான் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை, கொருக்குப்பேட்டையிலிருந்து வியாசர்பாடி வரை எத்தனையோ கடைகளில் கொடுக்கிறார்கள். அதனால்தான் இந்த மடல் ஒருவருக்கில்லாமல் உங்கள் எல்லோருக்கும் வருகிறது.

உங்கள் இடம் எதுவென்று எனக்குத் தெரியும். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று நம் பெரியவர்கள் இன்னும் சொல்லும் ஸ்டான்லிக்கு ஒரு முறை போய் வரிசையில் நின்றால் அரை நாள் போய்விடும். கூடை சுமக்கிறவருக்கும், துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவருக்கும், எம்.சி. ரோட்டில் துணிக்கட்டு தூக்குகிறவருக்கும் அரை நாள் என்றால் அரைக் கூலி. உங்கள் கடையில் இரண்டு நிமிடம், சில்லறைக் காசு. இடுப்பு வலி என்றால் ஒரு செட்டு. காய்ச்சல் என்றால் ஒரு செட்டு. மறுநாள் வேலைக்குப் போய்விடலாம். ஏழைக்கு முதல் மருத்துவர் நீங்கள்தான், அதை நான் மறுக்கவில்லை. மறுக்காததால்தான் கேட்கிறேன்: முதல் மருத்துவராக இருப்பவர் சீட்டு எழுதாமல் மருந்து கொடுக்கலாமா?

அந்த வெள்ளைப் பொட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அது பெரும்பாலும் டெக்சாமெத்தாசோன், அல்லது பீட்டாமெத்தாசோன். ஸ்டீராய்டு. அரை மில்லிகிராம்தானே என்று நினைக்கத் தோன்றும். நம் சிறுநீரகங்களின் தலைமேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசோல் என்ற சுரப்பை நாளெல்லாம் சுரக்கின்றன. இரத்த அழுத்தத்தைத் தாங்குவதும், காய்ச்சலையும் அடியையும் பட்டினியையும் உடம்பு தாக்குப்பிடிக்கச் செய்வதும் அதுதான். முக்கால் மில்லிகிராம் டெக்சாமெத்தாசோன், 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு, அதாவது மருந்தாகச் செய்த கார்ட்டிசோலுக்கு, சமம். ஏறக்குறைய உடம்பு ஒரு நாள் முழுக்கச் சுரப்பதே அவ்வளவுதான். அப்படியென்றால் அந்தப் பொட்டு இரண்டு வேளை உள்ளே போனாலே சுரப்பிக்கு வேலை இல்லை.

நம் தெருவில் குடிநீர் லாரி தினமும் தவறாமல் வந்துகொண்டிருந்தால் வீட்டுக் கிணற்றை யார் தூர் வாரப்போகிறார்கள்? இரண்டு வருடம் கழித்து ஒருநாள் லாரி வராதபோது வாளியை இறக்கினால் சேறுதான் வரும். சுரப்பியும் அப்படித்தான். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, இரத்தத்தில் போதுமான ஸ்டீராய்டு இருப்பதைப் பார்த்து ஆணை அனுப்புவதை நிறுத்திக்கொள்கிறது. ஆணை வராத அட்ரினல் சுருங்கிப்போகிறது. என் அக்காவுக்கு நடந்தது இதுதான். காய்ச்சல் வந்தது, அந்த நேரத்தில் சாதாரண உடம்பு வழக்கத்தை விட அதிகமாகச் சுரக்கவேண்டும். அவரால் எழுந்து கடைக்கு வர முடியவில்லை. கையில் மிச்சம் இருந்ததும் வாந்தியில் போயிற்று. லாரியும் வரவில்லை, கிணற்றிலும் நீர் இல்லை.

இது புதிதாக யாரும் கண்டுபிடித்த ஆபத்து இல்லை. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் அசைய முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் கொடுத்தார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். உலகமே அதிசயித்தது. 1950-லேயே நோபல் பரிசும் வந்தது. முகம் உப்புவது, எலும்பு கரைவது, நிறுத்தினால் நோய் திரும்பி வருவது என்று அதன் மறுபக்கமும் அந்தச் சில வருடங்களுக்குள்ளேயே தெரிந்துவிட்டது. எழுபது வருடத்துக்கும் மேலாக மருத்துவப் படிப்பில் இருக்கும் பாடம், எங்கள் தெருமுனைக்கு மட்டும் வந்து சேரவில்லை.

எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒன்று உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்பு ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது அக்காவைப் பார்த்து எல்லோரும் "உடம்பு நன்றாகத் தேறியிருக்கிறது, முகம் பூரித்திருக்கிறது" என்றார்கள். நானும் சொன்னேன். கன்னம் உருண்டிருந்தது. அதே சமயம் கூழ் மொண்டு ஊற்றக் கையைத் தூக்கியபோதெல்லாம் அவரது கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை சரிந்து விழுந்தன. முன்பெல்லாம் அந்த வளையலைக் கழற்றச் சோப்பு போடவேண்டும். முகமும் வயிறும் பெருக்க, கையும் தொடையும் சூம்புவது ஸ்டீராய்டின் கையெழுத்து. அதைப் படித்தவன் நான். கண்ணெதிரே வளையல் சரிந்தது. நான் கூழ் குடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு கூடையைத் தலைக்கு ஏற்ற ஒரு ஆள் கைகொடுக்கவேண்டியிருந்தது. வயதாகிவிட்டது என்று நினைத்த அக்கா, சத்து போதவில்லை என்று இன்னொரு வேளை செட்டு சேர்த்து வாங்கினார். தசையைத் தின்றதே அந்த மாத்திரை. அதனால் வந்த அசதிக்கும் அதே மாத்திரைதான் மருந்து. இந்த வட்டத்துக்குள் எத்தனை பேர் சுற்றுகிறார்களோ என்று நினைத்தால் இரவில் தூக்கம் பிடிப்பதில்லை.

செட்டில் உள்ள மற்ற மாத்திரை வலி நிவாரணி. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நிமிசுலைடு, ஏதோ ஒன்று. இவை வலியைக் குறைக்கும் வழியைக் கண்டுசொன்னவர் ஜான் வேன். 1971-ல் ஆஸ்பிரினை வைத்து அவர் காட்டினார், 1982-ல் நோபல் பெற்றார். உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருட்கள் உண்டாவதை இம்மருந்துகள் தடுக்கின்றன. வீக்கத்தையும் வலியையும் கிளப்புவது அந்தப் பொருட்கள்தான். ஆனால் இரைப்பையின் உட்சுவருக்குக் காப்பாக இருப்பதும், சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அவையேதான். உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகம் இந்தக் காப்பைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. சித்திரை வெயிலில் சட்டை உப்புப் பூத்துப்போகும் அளவுக்கு வியர்த்துவிட்டு, நடுவில் கழிப்பிடம் தேட வழியில்லை என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டு, சாயங்காலம் வலிக்கு ஒரு மாத்திரை போடுகிற பெண்ணின் சிறுநீரகத்துக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் இரத்தத்தில் ஏறுவது கிரியேட்டினின்; அக்காவுக்கு அன்றைக்கு அது 2.4 இருந்தது. அமிலத்துக்கும் ஒரு மாத்திரை சேர்த்துத்தானே கொடுக்கிறோம் என்பீர்கள். அது வயிற்றுக்கு ஓரளவு காவல். சிறுநீரகத்துக்கு அது காவல் இல்லை. வலி நிவாரணியும் ஸ்டீராய்டும் ஒன்றாகச் சேரும்போது இரைப்பையில் புண் வந்து இரத்தம் கசியும் ஆபத்து, தனித்தனியாகக் கொடுப்பதை விடப் பல மடங்கு. அதுவும் வலியே தெரியாமல், கறுப்பாக மலம் போகும்போதுதான் தெரியவரும்.

பாறுக் கழுகுகளின் கதையை இந்த இடத்தில் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. ஒரு காலத்தில் இந்தியா முழுக்க ஆயிரக்கணக்கில் வட்டமிட்ட பறவை, தொண்ணூறுகளில் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தது. ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை. நோயோ, விஷமோ என்று தேடி, 2004-ல்தான் காரணம் தெரிந்தது: கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக். அந்த மருந்து தங்கியிருந்த மாட்டின் இறைச்சியைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 2006-ல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்குக்கு இந்திய அரசு தடை விதித்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் போட்டுவிடுகிறார்கள் என்று, 2015-ல் ஊசிமருந்துக் குப்பியை 3 மில்லிலிட்டராகவும் சுருக்கியது. நம் மாநிலத்தில் மோயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் பாறுகளைக் காப்பாற்ற இன்றும் பாடுபடுகிறார்கள். செத்த பறவையின் உடலில் இருந்த மருந்துக்கு ஒரு பெயர் கிடைத்தது, அதனால் தடை வந்தது. என் அக்காவின் சுருக்குப்பையில் இருந்த மாத்திரைக்குப் பெயர் கிடைக்கவில்லை.

ஸ்டீராய்டையே கெட்ட மருந்து என்று சொல்ல நான் வரவில்லை. அன்று அக்காவைப் பிழைக்க வைத்ததும் ஸ்டீராய்டுதான். 2020-ல் கொரோனாவின்போது பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது இதே டெக்சாமெத்தாசோன், தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். குறைப்பிரசவம் ஆகப்போகும் தாய்க்கு ஊசியாகப் போட்டால் பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்கிறது. ஆஸ்துமாவுக்கு வேண்டும், முடக்குவாதத்துக்கு வேண்டும். அங்கெல்லாம் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, எத்தனை நாள் என்ற கணக்கு இருக்கிறது, ஒருவர் பொறுப்பு இருக்கிறது.

சட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. 1940-ஆம் வருடத்து மருந்துகள் சட்டமும் 1945-ஆம் வருடத்து விதிகளும் உங்கள் உரிமத்தின் அடிப்படை. செட்டில் இருக்கும் ஸ்டீராய்டும் வலி நிவாரணியும் அந்த விதிகளின் அட்டவணை எச்-சில் இருப்பவை, சீட்டில்லாமல் விற்கக்கூடாதவை. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளவேண்டாம். மருந்து ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்தால் ஒரு வாரம் செட்டு நிற்கும், பிறகு தொடரும் என்பதை நானும் பார்த்திருக்கிறேன். பயத்தால் நிற்பது எனக்கு வேண்டாம்.

நான் கேட்பது முதலில் ஒன்றே ஒன்று. உங்கள் கடையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு உறையின் மேலும் மருந்தின் பெயரை எழுதுங்கள். பெயர், அளவு, தேதி. அட்டையைக் கத்தரிக்கும்போது பெயர் இருக்கும் பக்கத்தை வாங்குகிறவரிடம் கொடுங்கள். மொத்த டப்பாவிலிருந்து உதிரியாக எண்ணிப் போடுவதை விட்டுவிடுங்கள்.

பெயர் தெரிந்துவிட்டால் அடுத்த முறை அவர்களே பெயரைச் சொல்லி வேறு கடையில் வாங்கிக்கொள்வார்கள் என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். வியாபாரம் போய்விடுமே என்ற அவரது அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் பெயரை எழுத ஆரம்பித்தால் இன்னொன்றும் நடக்கும். எழுதுகிற கையே தயங்கும். ஸ்டீராய்டு என்று எழுதி, இடுப்பு வலி என்று வந்த ஒரு தாயிடம் நீட்ட உங்களுக்கு மனம் வராது. உங்களை அவ்வளவு நம்புகிறேன்.

நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் கொடுப்பார்கள் என்பது அடுத்த பதில். உண்மைதான். அதனால்தான் ஒரு தெருவில் இருக்கும் நாலு கடைக்காரர்களும் உட்கார்ந்து பேசவேண்டும் என்கிறேன். தேர்த் திருவிழாவுக்கு விளக்குக் கட்ட ஒன்றுகூடுகிறோம். இதற்கும் கூடலாம்.

அடுத்து சொல்லப்போவது மிக முக்கியம். இந்த மடலைப் படித்துவிட்டு, வருடக்கணக்காகச் செட்டு வாங்குகிற பெரியவரிடம் "நாளையிலிருந்து கிடையாது" என்று சட்டென்று கையை விரித்துவிடாதீர்கள். தூர்ந்த கிணற்றுக்காரருக்கு லாரியை ஒரே நாளில் நிறுத்துவது கொலைக்குச் சமம். அப்படிப்பட்டவர் யார் யார் என்று உங்களுக்குத்தான் தெரியும். எந்த மருத்துவரை விடவும் நன்றாகத் தெரியும். "இவர் இத்தனை மாதமாக இந்த ஸ்டீராய்டை இந்த அளவில் சாப்பிடுகிறார்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஸ்டான்லிக்கோ அனுப்புங்கள். நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலையிலும் திறந்திருக்கின்றன, வேலை முடிந்து போகலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் அதை நிறுத்தவேண்டும். சுரப்பி விழித்துக்கொள்ள மாதங்கள் ஆகலாம், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். சர்க்கரையும் கிரியேட்டினினும் ஒரு முறை பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் "உனக்கென்ன தெரியும்" என்பார்கள். என் அக்காவே சொன்னார்.

மருந்தால் யாருக்காவது கெடுதல் நேர்ந்தது என்று தெரிந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது. மருந்தாளுநரும் சொல்லலாம், நோயாளியும் சொல்லலாம்.

அக்கா இப்போது வீட்டில் இருக்கிறார். காலையில் பல் விளக்கியதும் பிரெட்னிசோலோன், 5 மில்லிகிராம்; அதுவும் ஸ்டீராய்டுதான். இரண்டு கண்ணிலும் புரை ஆரம்பித்திருக்கிறது. கூடை தூக்குவதில்லை, மருமகள் ஏலத்துக்குப் போகிறாள், இவர் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்து கொடுக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒரு அட்டையில் மருந்தின் பெயரையும் அளவையும், திடீரென்று நிறுத்தக்கூடாது என்பதையும் எழுதி, நனையாமல் பிளாஸ்டிக் ஒட்டி, சுருக்குப்பையில் போட்டு வைத்திருக்கிறேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதை எடுத்துக் காட்டுகிறார்.

பாரிமுனையில் ஒரு ரப்பர் முத்திரை செய்து வாங்கியிருக்கிறேன். மருந்து, அளவு, வேளை, தேதி என்று நான்கு கோடு. உறையின் மேல் அடித்துவிட்டு நிரப்பினால் போதும், அரை நிமிட வேலை. இருபது முத்திரை செய்திருக்கிறேன். என் ஓய்வூதியத்தில் செய்தது, யாரும் காசு தரவேண்டாம். வருகிற திங்கட்கிழமை கல்மண்டபத்தில் தொடங்கித் தண்டையார்பேட்டை வரை கடை கடையாக வருகிறேன். மதியம் மூன்று மணிக்கு மேல் வருகிறேன், அப்போதுதான் உங்களுக்குக் கூட்டம் இருக்காது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
ராயபுரம்